பன்னிரண்டாவது முக்காலி

என் வீட்டுக்காரர் சவுரிராயன் போய் மூன்று வருஷம் ஆகிறது. நாற்பத்தாறாம் வருஷம் ஐப்பசி மழையில் தண்டவாளத்தைப் பார்க்கப் போய் நனைந்து வந்தார். சளி நெஞ்சுக்குள் இறங்கியது. பதினோராம் நாள் முடிந்துவிட்டது.

எங்கள் சேரியில் அவரை இன்னும் யூதாஸ் என்றுதான் சொல்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை, வாய் பழகிப் போயிற்று. நேற்றுகூடக் கிணற்றடியில் ஒருத்தி, "யூதாஸ் பெஞ்சாதி வர்றா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கடி" என்றாள். அவருக்கு அந்தப் பேர் வந்தபோது அவளுக்கு ஐந்து வயது இருக்கும். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தேன். சோறு வைத்தேன், இறக்கினேன், சாப்பிடவில்லை. வீட்டுக்குள் நாலு தரம் நடந்தேன். பிறகு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. விக்கிரவாண்டிக்குக் கிழக்கே, ரயில் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் இருக்கிறது. அங்கே இருக்கிறவர்களோடுதான் நான் இன்னும் இருந்தாக வேண்டும்.

அவர் ரயில்வேயில் கீமேன். ஒரு கையில் சுத்தியும் இன்னொரு கையில் சிவப்புக் கொடியுமாக, விக்கிரவாண்டியிலிருந்து பேரணி ஸ்டேஷன் பக்கம் வரைக்கும் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, தளர்ந்த ஆப்பு இருந்தால் அடித்து இறுக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். தினமும் அதே வேலை. வீட்டுக்கு வந்தாலும் கால் நிற்காது. கேப்பைக் களியைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே தின்பார். "உக்காந்து தின்னாத்தான் இன்னாய்யா?" என்று கேட்டால், "உக்காந்தா எறங்க மாட்டேங்குது புள்ள" என்பார்.

எழுதப் படிக்கத் தெரியாது. நான் திண்டிவனத்தில் கன்னியர் மடத்தில் நாலு வருஷம் வளர்ந்தவள். எழுத்து அங்கே வந்தது. சேரிக்கு வருகிற கடுதாசியெல்லாம் என் கைக்குத்தான் வரும்.

எங்கள் கோவிலில் குறுக்கே தடுப்பாக ஒரு மரக் கிராதி உண்டு. பீடத்துப் பக்கம் பெரிய தெருக்காரர்கள், மேல்சாதிக்காரர்கள். கிராதிக்கு இந்தப் பக்கம், கதவை ஒட்டி, நாங்கள். ஞானஸ்நானம் எல்லாருக்கும் ஒரே தொட்டியில்தான். கிராதி மட்டும் இருந்தது.

ஈஸ்டருக்கு முன்னால் வருகிற பெரிய வியாழன் சாயங்காலம் சாமியார் பன்னிரண்டு ஆண்களை உட்காரவைத்துப் பாதம் கழுவுவார், சேசுநாதர் தம் சீஷர்களுக்குச் செய்தது போல. பீடத்தைப் பார்த்தபடி வடக்கிலிருந்து தெற்காகப் பன்னிரண்டு முக்காலிகள் போடுவார்கள். பன்னிரண்டு பேரும் பெரிய தெருவிலிருந்துதான். கிராதிக்குப் பின்னாலிருந்து எங்களுக்குத் தெரிவது பன்னிரண்டு முதுகுகள். எந்த முக்காலி யாருடையது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

பெரிய தெருக்காரர்களுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. வடக்கு ஓரத்து முக்காலி சீஷர்களுக்குத் தலைவரான இராயப்பருடையது. அதில் ஊர் நாட்டாமை பெலவேந்திரம் உட்காருவார், அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. தெற்கு ஓரத்துக் கடைசி முக்காலி சேசுநாதரைக் காட்டிக்கொடுத்த யூதாசுடையது. அதற்குத் திருவுளச் சீட்டு போடுவார்கள். சீட்டு விழுந்தவன் முகம் செத்துவிடும். அந்த வருஷம் முழுக்க அவன் கையால் யாரும் விதை தொட விடமாட்டார்கள், குழந்தைக்கு ஞானத் தகப்பனாக நிற்கவும் கூப்பிடமாட்டார்கள். முப்பத்தேழில் சீட்டு பெலவேந்திரத்தின் தம்பி பேருக்கு விழுந்தது. அந்த வருஷம் அவர் நிலத்தில் போட்ட மல்லாட்டைக் கடலை முழுதும் பூச்சி அரித்துப் போயிற்று. மறு வருஷம் சீட்டுப் போடவே ஒருத்தரும் வரவில்லை.

இதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்தது.

முப்பத்தெட்டில் புதுச் சாமியார் வந்தார். வெள்ளைக்காரர், பாண்டிச்சேரியிலிருந்து வந்து மூன்று மாசம்தான் ஆகியிருந்தது. குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து அவர் திரும்பி நின்று, "இந்த வருஷம் பாதம் கழுவப்படும் பன்னிரண்டு சீஷர்களில் ஒருவர் கிழக்குத் தெருவிலிருந்து வருவார். இது நாட்டாமை அவர்கள் தாமாகச் சொன்னது. எனக்கு மிகவும் சந்தோஷம், மிகவும் சந்தோஷம்" என்றார். சேரி என்ற சொல்லை அவர் சொல்லமாட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பெலவேந்திரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடக்கம் என்று நினைத்தோம்.

அன்றைக்குச் சேரியில் அடுப்பு எரிய நேரமாயிற்று. எல்லாரும் புளியமரத்தடியில்தான். கிராதியைத் தாண்டி ஒரு ஆள் போகப் போகிறான், யாரை அனுப்புவது? சத்தம் போட்டுச் சத்தம் போட்டுக் கடைசியில் சவுரிராயன் என்று முடிவானது. சர்க்கார் உடுப்பு போட்டவர், நாலு ஊர் பார்த்தவர், வெள்ளைக்கார துரையிடம் நின்று பேசியவர்.

அவருடைய அக்கா குப்பம்மாள் சிரித்தாள். "ஏன்டா, ஊட்ல ஒரு நாழி உக்காரத் தெரியாதவன். சாமி காலப் புடிக்கிறதுக்குள்ள எழுந்து ஓடிடப் போறான். முக்காலியில கட்டி வெச்சி அனுப்புங்க!"

"கட்டுறதுக்கு நீயே வாக்கா, கூட வந்து நின்னுக்க."

"நா வந்தா பதிமூணு ஆயிடும்டா!"

மூன்று நாளும் அவர் தன் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். சரளைக் கல்லில் நடந்து நடந்து பாதம் வெடித்து, வெடிப்புக்குள் தார் ஏறியிருந்தது. செங்கல் தூளும் புளியும் வைத்துத் தேய்த்தார்.

"சாமி கழுவுறதுக்குத்தான போற, நீ ஏன் கழுவுற?" என்றேன்.

"இப்பிடியே போனா அவுரு ஈஸ்டர் வரைக்கும் கழுவணும் புள்ள."

புதன்கிழமை வேலை முடிந்து வரும்போது பெரிய தெரு முனையில் நின்ற ஒருவர், "என்னாடா சவுரி, முப்பது வெள்ளிக்காசு கைக்கு வந்துடுச்சா?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். இவருக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார், அவரும் சிரித்துக்கொண்டே.

நான் சுவிசேஷம் படித்தவள், முப்பது வெள்ளிக்காசு யூதாஸ் காட்டிக்கொடுக்க வாங்கிய கூலி என்று தெரியும். முறத்தைக் கீழே வைத்தேன்.

"ஏய்யா, உனக்கு எந்த முக்காலின்னு சொன்னாங்களா?"

"கடசிதான். கடசியா இருந்தா இன்னா, பன்னெண்டுல ஒண்ணு."

"வா, உபதேசியார் கிட்ட போவலாம்."

உபதேசியார் இருதயராஜ் திண்டிவனத்துக்காரர். கோவிலை ஒட்டி ஒற்றை அறையில் இருந்தார். தனி ஆள். கோவில் வேலை, செப மந்திரம் சொல்லித் தருகிற வேலை, சாமியாருக்குத் தமிழ் சொல்லித் தருகிற வேலை எல்லாம் அவருடையது. நாங்கள் போனபோது வெளிச்சம் இருந்தது. என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. யூதாஸ் முக்காலி, சீட்டு, விதை, மல்லாட்டை எல்லாம் அன்றைக்குத்தான் சொன்னார்.

"சாமியாருக்குத் தெரியுமா?" என்று நான் கேட்டேன்.

"தெரியாது. அவரு ஊர்ல இந்த வழக்கம் கெடையாது. இவங்க மனசு மாறிடுச்சின்னு அவரு பாண்டிச்சேரிக்குக் கடுதாசியே எழுதிட்டாரு."

என் வீட்டுக்காரர் உட்காரவில்லை. சுவருக்கும் கதவுக்கும் நடந்தார். போனால், சேரிக்காரன் யூதாஸ் என்று ஊர் முழுக்கப் பேர் ஆகும். போகாவிட்டால், கூப்பிட்டோம் வரவில்லை என்று சொல்லிக் கிராதியை இன்னும் நூறு வருஷத்துக்கு வைத்திருப்பார்கள். இரண்டும் எங்கள் தலையில்தான் விழும்.

திடீரென்று நின்று அவர் கேட்டார். "ஐயா, சீஷன்னா இன்னாங்க?"

"சேசு பின்னால போனவங்க."

"பின்னால போறதுன்னா, நானுந்தான் மேஸ்திரி பின்னால போறேன். எங்கப்பன் நாட்டாமை ஊட்டு வண்டி பின்னால ஓடியே செத்தாரு. அந்த மாதிரியா?"

"அப்பிடி இல்ல சவுரிராயா" என்றார் உபதேசியார். "நாமதான் அப்பிடிச் சொல்லிப் பழகிட்டோம். அது வடமொழிச் சொல்லு. 'சாஸ்'னு ஒரு வேரு இருக்குது. கத்துக்குடுக்கறது, கண்டிச்சித் திருத்தறதுன்னு அர்த்தம். சாஸ்திரம்னு சொல்றோம்ல, அதுவும் அந்த வேர்லேர்ந்துதான். சிஷ்யன்னா அப்பிடிக் கத்துக்கிற ஆளு. நம்ம வாயில அது சீஷன் ஆயிடுச்சி. சாமியாரு படிக்கிற லத்தீன்லயும் கத்துக்கிறவன்னுதான் சொல்லு. பின்னால நடக்கறவன்னு ரெண்டுலயும் இல்ல."

"அப்ப யூதாசும் கத்துக்க வந்தவந்தானா?"

"ஆமா."

"அவன் காலயும் கழுவுனாரா?"

"கழுவுனாரு."

"அவன் இன்னா பண்ணப் போறான்னு தெரியாமயா?"

"தெரிஞ்சேதான் கழுவுனாரு."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நா போறேங்க" என்றார்.

வழியெல்லாம் சண்டை போட்டேன். "நம்ம செண்பகத்த நாளைக்கு எவன் கட்டுவான்? யூதாஸ் பொண்ணுன்னுதான சொல்லுவான்?" அவர் வேகமாக நடந்தார். நான் ஓட வேண்டியிருந்தது. சேரிக்காரர்களிடம் முக்காலி விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்றார். நான் குப்பம்மாளிடம் மட்டும் சொன்னேன். குப்பம்மாளிடம் சொன்னால் எல்லாரிடமும் சொன்ன மாதிரிதான்.

வியாழன் சாயங்காலம் கிராதிக்குப் பின்னால் மூச்சு விட இடமில்லை. சித்திரை பிறந்த கையோடு வந்த வெயில். உள்ளே பன்னிரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். வடக்கு ஓரத்தில் பெலவேந்திரம், சரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு. தெற்கு ஓரத்தில் இவர், வெளுத்த வேட்டியோடு. அவருக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடைவெளி விட்டிருந்தார்கள். முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. கால் மட்டும் கட்டை விரலைத் தரையில் தட்டித் தட்டி எடுத்துக்கொண்டிருந்தது.

தண்ணீர்க் குடமும் பித்தளைத் தாம்பாளமும் எப்போதும் வடக்கு ஓரத்தில்தான் இருக்கும். அன்றைக்கு அவை தெற்கு ஓரத்தில் இருந்தன. எடுத்து வைத்தவர் உபதேசியார். பிறகு கேட்டவர்களிடம், "வடக்குப் பக்கம் தரை மேடு, தண்ணி ஓடிப் பீடத்தடிக்கு வருது" என்று சொன்னார். அது உண்மைதானா என்று நான் போய்ப் பார்த்ததில்லை.

புதுச் சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். நேரே தெற்கு ஓரத்துக்குப் போய் என் வீட்டுக்காரர் முன்னால் மண்டி போட்டார்.

பெரிய தெருப் பக்கம் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. முதலில் கழுவுவது இராயப்பர் காலை, கடைசியில் யூதாஸ் காலை. அது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

குப்பம்மாள் என் கையை நெரித்தாள். "அடியே, அப்ப நம்ம ஆளுதான் ராயப்பரா?"

"சத்தம் போடாத."

"கடசி யாரு? அப்ப கடசி யாருடி?" அவளே எட்டிப் பார்த்துவிட்டு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

சாமியார் ஒவ்வொருவராகக் கழுவித் துடைத்துப் பாதத்தில் வாய் வைத்து முத்தி செய்துகொண்டு வடக்கே நகர்ந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஏழு, எட்டு, ஒன்பது. பெலவேந்திரத்தின் கழுத்து வேர்த்துப் போனதை நான் பின்னாலிருந்தே பார்த்தேன். தாம்பாளம் பதினோராவது ஆளிடம் இருக்கும்போதே அவர் எழுந்துவிட்டார். அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கக் கதவு வழியாக, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

சாமியார் பதினோராவது காலைத் துடைத்துவிட்டு நகர்ந்து, தலை நிமிராமல், அடுத்த காலுக்குக் கையை நீட்டினார். கால் இல்லை. நிமிர்ந்து பார்த்தார். முக்காலி காலியாக இருந்தது. அவர் மண்டி போட்டபடியே, கையில் தண்ணீர்ச் சொம்போடு, அப்படியே இருந்தார். பெரிய தெருப் பக்கம் எத்தனையோ ஆண்கள் நின்றார்கள். ஒருத்தரும் அசையவில்லை. இப்போது அது எந்த முக்காலி என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார்.

நான் கிராதியைப் பிடித்துக்கொண்டு, "போவாதய்யா!" என்று கத்தினேன். கோவிலில் பெண்பிள்ளை கத்தியது அதுதான் முதல் தரம். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை. ஆப்பு தளர்ந்திருக்கிறதா என்று தண்டவாளத்தைப் பார்ப்பது போல ஒரு பார்வை. பிறகு ஈரக் காலோடு மற்றப் பத்துப் பேருக்கும் முன்னால் நடந்து போய், வடக்கு ஓரத்து முக்காலியில் உட்கார்ந்தார்.

சாமியார் அவர் முகத்தைப் பார்த்தார். முதலில் கழுவிய ஆள்தான் என்று அவருக்குத் தெரிந்தது. அதே காலை மறுபடியும் கழுவினார்.

"உம் புருசனுக்கு வெயிலு தலைக்கு ஏறிடுச்சா?" குப்பம்மாளின் குரல் உடைந்திருந்தது. "கெடச்சத உட்டுட்டுப் போய் அதுல குந்துறானே!"

வெளியே வந்ததும் சேரிக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். இராயப்பர் முக்காலி தானாக வந்து காலடியில் விழுந்தது, பெரிய தெருக்காரனே யூதாஸ் ஆகி ஓடினான், அதைக் கொண்டுபோய்க் கெடுத்துவிட்டாயே என்று. ஒரு கிழவர் அவர் மேல் துப்பினார். பெரிய தெருவில் கதை வேறு மாதிரி ஆயிற்று. நாட்டாமைக்கு மயக்கம் வந்து வெளியே போனார், சேரிக்காரன்தான் தானாக ஓடிப்போய் யூதாஸ் முக்காலியில் உட்கார்ந்தான், புத்தி எங்கே போகும் என்று பேசிக்கொண்டார்கள். நாலு நாளில் எங்கள் ஆட்களும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஏன் போன?"

"சாமி மண்டி போட்டுக்கினே காத்துக்கினு இருந்தாரு புள்ள. ஒருத்தனும் வர்ல."

"உனக்கு இன்னாய்யா அது? உன் காலுதான் கழுவியாச்சே."

அவர் வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்க ஆரம்பித்தார். நான் அன்றிலிருந்து பேச்சை நிறுத்தினேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் சோற்றைப் போட்டுவிட்டு வெளியே போய்விடுவேன். அவர் அதைத் தின்றாரா என்றுகூடப் பார்க்கவில்லை.

ஈஸ்டர் காலையில் அவர் முன்னால் கிளம்பிப் போனார். அவரோடு கூடப் போக யாரும் இல்லை. நான் செண்பகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். அவர் நடையைக் குறைத்தார். நானும் குறைத்தேன். அவர் நின்றார். எவ்வளவு நேரம் நடுப்பாதையில் நான் நிற்க முடியும்? கிட்டே போனேன்.

அவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, யாராவது கேட்டுவிடுவார்களோ என்பது போலச் சொன்னார்.

"தே புள்ள. சீஷன்னா கத்துக்கிறவன்னு உபதேசியாரு சொன்னாரு இல்ல. ரெண்டு தரம் கழுவிக்கினு வந்துட்டேன், எனக்கு இன்னா தெரியுது? ஒரு எழுத்து தெரியாது. நீ எனக்குக் கத்துக்குடேன்."

அவர் முகத்தை நான் இன்னும் பார்க்கிறேன். முப்பத்திரண்டு வயது ஆம்பிளை, காது மடல் சிவக்க நின்றார். அவர் என்னிடம் எதுவும் கேட்டது அதற்கு முன்னால் கிடையாது.

நான் சொன்னேன்: "போய் உம் பெரிய தெருக்காரன்கிட்ட கத்துக்க. அவனுக்குத்தான எடம் ரொப்பிக் குடுத்த."

அவர், "செரி" என்றார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மறு வருஷம் அந்தச் சாமியாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பாதம் கழுவுவதே நின்று போயிற்று. முக்காலிகள் எங்கே போயினவோ. கிராதி இருக்கிறது. அவர் தினமும் அதன் பின்னால் நின்று பூசை கண்டார். யூதாஸ் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து, "இன்னாடா?" என்பார்.

அந்த ஈஸ்டருக்குப் பிறகு எட்டு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். என் கோபம் ஒரு மாசத்தில் தீர்ந்துவிட்டது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன். அவர் நடந்துகொண்டே இருப்பார், எனக்கு அடுப்பு இருக்கும். நாற்பத்து நாலில் திண்டிவனம் சந்தையில் ஒரு சிலேட்டு வாங்கி வந்தேன். செண்பகத்துக்கு என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தார். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை. நானும் சொல்லித் தரவில்லை.

சம்பள நாளில் கடைசி வரைக்கும் கட்டை விரலில் ரேகை மையோடுதான் வீட்டுக்கு வந்தார்.